கூப்பிடப் போகக் கூடாது

உக்காருங்கம்மா, இந்தச் சிமிண்டு பெஞ்சுல நாலு பேரு தாராளமா உக்காரலாம். நீங்க எந்த பஸ்ஸுக்கு? மினி பஸ்ஸா? வரும், மெதுவாத்தான் வரும். நான் கழுகுமலை பஸ்ஸுக்கு நிக்கேன். இப்ப ஒண்ணு போச்சேன்னு பாக்கீங்களா? அதுல கூட்டம்மா. பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டு அதுல யாரு போயி நசுங்குவா.

ஆமா, கல்யாண வீட்டுக்குத்தான் வந்தேன். எதிர்த்தாப்புல வாசல்ல வாழை மரம் கட்டியிருக்கே, அந்த மண்டபந்தான். பொண்ணுக்கு நான் என்ன வேணுமா? அம்மா வேணும். ஏன் அப்படிப் பாக்கீங்க? நான் ஒண்ணும் கோவிச்சுக்கிட்டு வரல. உள்ள ஒரே புழுக்கம், காத்தாட வந்தேன். கோவிச்சுக்கிட்டுப் போறதெல்லாம் எங்க வீட்டுக்காரரு வேலை. இருபத்தெட்டு வருஷ சர்வீசு அவருக்கு அதுல. அதை நான் மூணே மாசத்துல நிறுத்திட்டேன். எப்படின்னு சொல்லட்டா? உங்க மினி பஸ் வர வரைக்கும் கேளுங்க.

எங்க வீட்டுக்காரரு பேரு சங்கரபாண்டியன். தீப்பெட்டி ஆபீஸ்ல மேஸ்திரி. வீட்டுல பாத்தீங்கன்னா தங்கமான மனுஷன். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரு விசேஷ வீட்டு வாசல்ல கால வச்சாருன்னா போதும், மூக்கு நுனியில கோவம் வந்து உக்காந்துக்கிடும். பத்திரிகையில பேரு ரெண்டாவதா போட்டிருந்தாக் கோவம். 'வாங்க'ன்னு சொல்றவன் சொல்லும்போது வேற பக்கம் பாத்தாக் கோவம். ஒருதடவை எங்க சித்தப்பா மக வளைகாப்புல இவரு இலையில வச்ச அப்பளம் உடைஞ்சிருந்துச்சு. வேற ஒண்ணுமில்ல, அப்பளம். எந்திரிச்சாரு, துண்ட உதறுனாரு, போயிட்டாரு.

எங்க போவாருங்கீங்க? பக்கத்துல எந்த பஸ் ஸ்டாப்பு இருக்கோ அங்க போயி உக்காந்துக்கிடுவாரு. பஸ் வரும், போகும். ஏற மாட்டாரு. ஏறிட்டா அப்புறம் யாரு வந்து கூப்பிடுறது? எனக்குச் சிரிப்பா வரும்மா, இப்ப நெனச்சாலும். பஸ் ஸ்டாப்புல உக்காந்துக்கிட்டு பஸ்ஸ விடுற ஆளு உலகத்துலயே இவரு ஒருத்தராத்தான் இருப்பாரு.

மொதல்ல சின்னஞ்சிறுசுக போகும், 'மாமா வாங்க, மாமா வாங்க'ன்னு. அசைய மாட்டாரு. அப்புறம் எங்க அண்ணன் தம்பிமாரு. முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிடுவாரு. கடைசியா ஒரு பெரிய மனுஷன் கையில பன்னீர் சோடாவோட போயி, 'மாப்பிள்ள, எங்க மேலதான் தப்பு'ன்னு சொல்லணும். அப்ப எந்திரிப்பாரு பாருங்க, தேர் அசைஞ்ச மாதிரி. முன்னாலயும் பின்னாலயும் ஆளு வர, மண்டபத்துக்குள்ள வந்து தனிப் பந்தியில உக்காந்து ரெண்டு பாயாசம் குடிப்பாரு.

எங்களுக்கு ஒரே மக, சுகந்தி. மதுரையில நர்சா இருக்கா. கல்யாணம் நிச்சயமான அன்னிக்கு என்னையத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னா: 'எம்மா, அப்பா என் கல்யாணத்துலயும் கோவிச்சுக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனாருன்னு வையி, நான் மாலையக் கழட்டி வச்சுட்டு ட்யூட்டிக்குப் போயிருவேன்.' சொன்னதச் செய்வாம்மா அவ. எனக்கு அன்னிக்கு ராத்திரி சோறே எறங்கல.

நான் பால்வாடி டீச்சரு. அந்த வாரம் பாத்து யூனியன் ஆபீஸ்ல எங்களுக்கு மூணு நாள் டிரெய்னிங் போட்டாங்க. திருநெல்வேலியில இருந்து ஜெசிந்தான்னு ஒரு மேடம், மனசப் பத்திப் படிச்சவங்க. பிள்ளைக அடம்பிடிச்சா என்ன செய்யணும்னு சொல்லிக் குடுத்தாங்க. அடிக்கக் கூடாது, வையக் கூடாது. ஒரு நோட்டுல மூணு கட்டம் போடணும். அடம்பிடிக்கிறதுக்கு முன்னால என்ன நடந்துச்சு, பிள்ளை என்ன செஞ்சுச்சு, அதுக்கப்புறம் நாம என்ன செஞ்சோம். அந்த மூணாவது கட்டத்துலதான் எல்லாம் இருக்குன்னாங்க. பிள்ளை உருண்டு அழும்போது தூக்குனா, உருண்டாத் தூக்குவாங்கன்னு அது படிச்சுக்கிடுமாம். அதனால உருளும்போது பாக்கக் கூடாது, பேசக் கூடாது, முகத்துல ஒண்ணும் காட்டக் கூடாது. எந்திரிச்சு ஒழுங்கா உக்காந்த உடனே, அந்த நிமிஷமே, தூக்கிக் கொஞ்சணும். நாள் தள்ளிக் கொஞ்சினாப் பலிக்காது.

எங்க பால்வாடியில ஸ்ரீஜான்னு ஒரு வாண்டு. பாயில உருண்டு அழுதுச்சுன்னா தெரு முனை வரைக்கும் கேக்கும். பத்து நாள் செஞ்சு பாத்தேன். நின்னுபோச்சு. எனக்குத் தலைகால் புரியல. அன்னிக்கு சாயந்தரமே பழைய எடை போடுற ரிஜிஸ்டரு ஒண்ண எடுத்தேன், மூணு கட்டம் போட்டேன், மேல 'சங்கரபாண்டியன், வயசு ஐம்பத்தி நாலு'ன்னு எழுதுனேன்.

ஞாபகம் இருந்த வரைக்கும் பழசெல்லாம் எழுதுனேன். முன்னால: அப்பளம் உடைஞ்சது. செஞ்சது: போயிட்டாரு. அதுக்கப்புறம்: அஞ்சு ஆளு, பன்னீர் சோடா, ரெண்டு பாயாசம். இன்னொண்ணு. முன்னால: மைக்குல பேரு சொல்லல. செஞ்சது: போயிட்டாரு. அதுக்கப்புறம்: ஏழு ஆளு, ஒரு மாலை. மாலை போட்டிருக்காங்கம்மா கோவிச்சுக்கிட்டதுக்கு. எழுதி முடிச்சுட்டு நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். நாங்கதான் சோடா குடுத்து வளத்திருக்கோம்.

இந்தா வருது பாருங்க ஒரு கழுகுமலை பஸ். போகட்டும். பாட்ட என்ன சத்தமா வச்சிருக்கான், காதுதான் போகும். அடுத்ததுல போய்க்கிடுதேன்.

எங்க விட்டேன்? ஆங், நோட்டு. அதுக்கப்புறம் வந்த மொத விசேஷம் கயத்தாறுல. எங்க அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. கெளம்புறதுக்கு மொத நாளே சொந்தக்காரங்க அத்தனை பேரையும் உக்கார வச்சு, 'இவரு போனா யாரும் கூப்பிடப் போகக் கூடாது'ன்னு சூடம் அணைச்சுச் சத்தியம் வாங்குனேன். அதையும் மேடம் சொன்ன மத்ததையும் நோட்டுல கொட்டை எழுத்துல எழுதி வச்சேன். எங்க அண்ணன் அழுதுட்டான். 'ஏட்டி, மாப்பிள்ளைய ரோட்டுல உக்கார வச்சுட்டு நாங்க எப்படிச் சோறு திங்க'ன்னான். 'தின்னு'ன்னேன்.

அங்க துண்டு போடும்போது இவருக்கு முன்னால இளைய மாப்பிள்ளைக்குப் போட்டுட்டாங்க. போயிட்டாரு. அரை மணி நேரம் ஆச்சு, யாரும் போகல. எதிர்த்த ஸ்டாப்புல இருந்து இருமுனாரு. ஊரே திரும்புற மாதிரி இருமுனாரு. நாங்க பந்தியில கறிக்கொழம்பு ஊத்திக்கிட்டு இருக்கோம். அப்புறம் 'செருப்பு மாறிப்போச்சு'ன்னு வாசல் வரைக்கும் வந்து, காலுல கெடந்த செருப்பையே பாத்துட்டுத் திரும்பிப் போனாரு. பஸ்ல ஏறுனாரு. அடுத்த ஸ்டாப்புல எறங்கி அம்புட்டு வெயில்ல நடந்து வந்து மறுபடியும் அதே எடத்துல உக்காந்தாரு.

கடைசியா டீக்கடைக்காரர் ஓடி வந்தாரு. 'அண்ணாச்சி காசிக்குப் போறாராம், தேட வேண்டாம்னு சொல்லச் சொன்னாரு'ன்னு. எங்க அண்ணன் எந்திரிச்சுட்டான். நான் அவன் செருப்ப எடுத்து அண்டாவுக்குப் பின்னால ஒளிச்சு வச்சேன். மேடம் சொல்லியிருந்தாங்க: அடத்த விடப்போற சமயத்துல பிள்ளை பெரிய கூத்தா ஒண்ணு அடிக்கும், அப்ப மட்டும் நீங்க அசைஞ்சீங்க, தொலைஞ்சீங்க, அடுத்த தடவை அந்தக் கூத்துல இருந்துதான் ஆரம்பிக்கும். நான் அசையல. உள்ளுக்குள்ள எனக்கு அழுகையா வந்துச்சு, ஆனா அசையல.

மூணு மணிக்கு, கடைசிப் பந்தியில, தானா வந்தாருமா. தலையக் குனிஞ்சுக்கிட்டு, ஒரு தூணோரமா. வாசப்படியில காலு பட்டுச்சோ இல்லையோ, நான் கண்ணக் காட்டுனேன். 'வாங்க மாப்பிள்ள', 'வாங்க மாமா', 'வாங்க சித்தப்பா'. இலை என்ன, அப்பளம் என்ன, உடையாத அப்பளமாப் பொறுக்கி நாலு. மனுஷனுக்கு ஒண்ணும் வெளங்கல. முழிச்சுக்கிட்டே சாப்பிட்டாரு.

அதுக்கப்புறம் வீட்டுல வச்சுப் பழக்குனேன். ரசத்துல வேணும்னே உப்பு போட மாட்டேன். பேசாமச் சாப்பிட்டாருன்னா கையில ஒரு துண்டு கடலை மிட்டாய். நம்ம கோவில்பட்டி மிட்டாய்னா அவருக்கு உசுரு. பிள்ளைகளுக்கு ஸ்டார் ஒட்டணும்னாங்க. ஸ்டாருக்கு நான் எங்க போக? ஒட்டுப்பொட்டு எடுத்து காலண்டர்ல ஒட்டுனேன். அவரு கோவப்படாத நாளைக்கெல்லாம் ஒரு செவப்புப் பொட்டு. 'ஏளா, காலண்டருக்கு எதுக்குப் பொட்டு வச்சிருக்க?'ன்னாரு. 'விசேஷ நாளு'ன்னேன். ஒரு மாசம் கழிச்சு மிட்டாய எப்பவாவதுதான் குடுக்கணும், எப்பக் கெடைக்கும்னே தெரியக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருந்தாங்க. அதையும் செஞ்சேன். அவரு என் முந்தானை முடிச்சையே பாத்துக்கிட்டுத் திரிஞ்சாரு.

இதுல ஒரு வேடிக்கை கேளுங்க. அவரு திருந்தத் திருந்த எங்கிட்டயும் பிரியம் கூடிப்போச்சு. பூவே வாங்கிட்டு வராத மனுஷன் திடீர்னு ஒரு நாள் ரெண்டு மொழம் மல்லிகை வாங்கிட்டு வந்தாரு. நான் தெனமும் சாயந்தரம் என் தங்கச்சிகிட்ட ஃபோன்ல ஒரு மணி நேரம் இவரப் பத்திப் பேசுவேன், அது ஒரு பழக்கம். அன்னிக்குத் தங்கச்சிக்கு ஃபோன் போடல. அப்புறம் பாத்தா, ஃபோன் போடாத நாளெல்லாம் பூ. இப்பல்லாம் ஃபோன் போடவே மறந்துபோச்சு. பூ வச்சுக்கிடவே நேரம் சரியா இருக்கு. நோட்டு கூட ஒரு நாள் பீரோவுக்கு மேல இருந்தது கீழ கெடந்துச்சு. எலி இழுத்திருக்கும்.

அந்தா, வாசல்ல வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு நிக்காரே, அவருதான். என்னையத் தேடித்தான் வந்திருப்பாரு. இங்க பாக்காரா? இல்லையா? வானத்தையா பாக்காரு? உள்ள போயிட்டாரா. சரி, போகட்டும். எனக்கென்ன, நான் காத்து வாங்குதேன்.

காலையில நடந்தத நீங்க பாத்திருக்கணும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாசல்ல பெரிய பிளெக்ஸ் வச்சிருந்தாங்க. நாப்பது படம். மாப்பிள்ளையோட சித்தப்பா, சேக்காளி, சல்யூட் அடிக்கிற ஒரு கைப்பிள்ளை, எல்லாம் இருக்கு. பொண்ணோட அப்பா படம் மட்டும் இல்ல. மறந்துட்டாங்க. பாத்த உடனே எங்க ஆளுக எல்லாம் செலையா நின்னுட்டாங்க. சம்பந்தக்காரருக்கு முகமே வெளிறிப்போச்சு. சுகந்தி மாடி ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டு இருக்கா, கை மாலையில. மாலையப் போடவா கழட்டவான்னு நிக்கா.

இவரு பிளெக்ஸப் பாத்தாரு. எதிர்த்த பஸ் ஸ்டாப்பப் பாத்தாரு. இதே பெஞ்சுதாம்மா. சட்டைப் பையில கைய விட்டாரு, ஒரு கடலை மிட்டாய எடுத்தாரு, வாயில போட்டாரு. மென்னு முழுங்கிட்டு, 'சம்பந்தி, என் மொகத்த மேடையில நேர்லயே பாத்துக்கிடட்டும், வாங்க உள்ள போவோம்'னு அவரு தோள்ல கையப் போட்டுக் கூட்டிட்டுப் போனாரு.

மண்டபமே அதிர்ந்துபோச்சு. 'சங்கரபாண்டிக்கு என்ன பெரிய மனசு'ங்காங்க. எங்க அண்ணன் அவரக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். சுகந்தி எறங்கி வந்து, 'எப்பா, நீங்க தங்கம்ப்பா'ன்னு அழுதா. சரி, அழட்டும். அந்தத் தங்கத்தப் புடம்போட்டது யாரு? ஒரு வாய், ஒரே ஒரு வாய், 'குருவம்மா, நீ கஷ்டப்பட்டதுக்குப் பலன் கெடைச்சுச்சு'ன்னு சொல்லிச்சா? சூடம் அணைச்ச கழுதைக எல்லாம் அங்கதான் இருந்துச்சு.

நான் ஒண்ணும் நெனைக்கல. தாலி கட்டி முடிச்ச கையோட பாயாசத்துக்குப் பால் பத்தலன்னாங்க, சமையக்கட்டுக்குப் போனேன். கரண்டியோட வெளிய வாரேன், மேடையில குடும்பப் படம் எடுக்காங்க. போட்டோக்காரரு 'எல்லாரும் வந்தாச்சா?'ங்காரு. எங்க அண்ணன், கூடப் பொறந்தவன், 'வந்தாச்சு, எடுங்க'ங்கான். பளிச்சுன்னு எடுத்துட்டாங்க. பெத்தவ கரண்டியோட கீழ நிக்கா.

என்னமோ மாதிரி ஆகிப்போச்சும்மா எனக்கு. அந்த மேடம் கடைசி நாள் ஒண்ணு சொன்னாங்க. அழுற பிள்ளைய எல்லாரும் பாக்குறோம், மூலையில ஒழுங்கா உக்காந்திருக்கிற பிள்ளைய யாராவது பாக்குறோமான்னு. இருபத்தெட்டு வருஷம். எத்தனை கல்யாணம், எத்தனை சடங்கு. எனக்கு உடைஞ்ச அப்பளம் வைக்கலையா, எனக்கு 'வாங்க' சொல்ல மறக்கலையா? ஒருநாள் கூட நான் எந்திரிச்சுப் போனதில்ல. அதான் கரண்டிய வச்சுட்டுக் காத்தாட வந்தேன்.

அந்தா மறுபடியும் வாராரு. வாராரு பாருங்க, ரோட்டத் தாண்டி இங்கதான் வாராரு. என்னது, பெட்டிக்கடைக்கா போறாரு? வெத்தலை வாங்குறாரு. இருபது அடி இருக்குமா இங்கருந்து? திரும்பக் கூட மாட்டேங்காரு. முகத்துல ஒண்ணும் காட்ட மாட்டேங்காரு. பாக்காம, பேசாம, முகத்துல ஒண்ணும்...

எம்மா, இந்த மனுஷன் அந்த நோட்டப் படிச்சிருக்காரு.

எலி இழுக்கலம்மா. இவருதான் இழுத்திருக்காரு. பூவா? பூவையும் கணக்கு வச்சுத்தான் வாங்கியிருக்காரா? எனக்கு வர ஆத்திரத்துக்கு, சொன்னா நம்ப மாட்டீங்க, கழுகுமலைக்கு இல்ல, இப்படியே காசிக்குப் போயிருவேன். நீங்க ஒரு உதவி செய்யிங்க, அந்த மண்டபத்துல போயி, பொண்ணோட அம்மா காசிக்குப் போறாங்களாம், தேட வேண்டாமாம்னு...

ஏன் சிரிக்கீங்க? நான் என்ன சொன்னேன் இப்ப? காசின்னா சொன்னேன்?

சரி, பஸ் வந்துருச்சு. காலி பஸ்ஸு. பாட்டும் இல்ல. 'ஏறும்மா, சீட்டு கெடக்கு'ங்காரு கண்டக்டரு. ஏற வேண்டியதுதான். ஏறப் போறேன்.

இல்ல, இருங்க. உள்ள பந்தி ஆரம்பிச்சிருப்பாங்க. சுகந்தி மாப்பிள்ளையோட உக்காந்து சுத்திமுத்தும் பாத்துக்கிட்டு இருப்பா. அப்பாவ இல்ல, இன்னிக்கு என்னையத் தேடுவா. நல்ல பிள்ளை, மாலையக் கழட்டிறப் போறா. நீங்க போங்கப்பா, நான் வரல. சேலையில சிமிண்டு ஒட்டியிருக்கான்னு பாருங்கம்மா. நான் போயி ஒரு எட்டு பாத்துட்டு...

அய்யோ, ஓடி வாராரு பாருங்க, வேட்டியத் தூக்கிக்கிட்டு. நான் ஒரே ஒரு அடிதாம்மா எடுத்து வச்சேன். ஏங்க, லாரி வருது, பாத்து வாங்க. என்னது கையில? மிட்டாயா? அதுக்குள்ளயா?

கேட்டீங்களா என்ன சொல்லுதாருன்னு? 'ஏளா குருவம்மா, படத்துல உன் எடம் காலியாத்தான் கெடக்கு, எம்பக்கத்துல ஒருத்தரையும் நிக்க விடல, போட்டோக்காரரப் பிடிச்சு நிறுத்தி வச்சிருக்கேன், வா'ங்காரு. ஏன் கூப்பிட வரலன்னு கேட்டா, 'நீதான கொட்டை எழுத்துல எழுதி வச்சிருக்க, கூப்பிடப் போகக் கூடாதுன்னு'ங்காரு. நெத்தியில என்ன ஒட்டுறீங்க, ரோட்டுல வச்சு? பொட்டா? காலண்டருப் பொட்டு. கண்ணுல தண்ணி வந்துருச்சும்மா எனக்கு. வெளிய சொல்லிறாதீங்க.

பாத்தீங்களா, தானா வந்து கூப்பிடுதாரு. மூணு மாசத்துல எப்படிப் பழக்கியிருக்கேன் பாருங்க.

அடடா, உங்க மினி பஸ் அப்பவே போயிருச்சே, அந்தப் பாட்டு பஸ்ஸுக்குப் பின்னாலயே போச்சு. நானும் சொல்லல, நீங்களும் எந்திரிக்கல. நீங்களும் வாங்க, பந்தியில ஒரு இலை போட்டாப் போச்சு. இந்தாங்க, இந்த மிட்டாயில பாதி உங்களுக்கு. புடிங்கம்மா. எம்புட்டு நேரம் ஒழுங்கா உக்காந்து கேட்டீங்க.